நாலு மணிக்கு வரும் வண்டி

"அத்தை, அந்த வண்டியை எங்கப்பாவுக்குக் குடுங்க."

கேட்டுவிட்டாள். கேட்கவே கூடாது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாதிரியார் வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதைக் கேட்டேன்னு காதுல விழுந்தா நீ எனக்குப் பொறக்கல" என்றார். மூன்றையும் கேட்டுக்கொண்டு, தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்த வாழைப்பழக் கஞ்சியைக் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அரேலிஸ் நேராக இங்கே வந்திருந்தாள்.

வில்மோரின் மனைவி ரூஃபீனா மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. வாசலில் உட்கார்ந்து இரும்பு ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி தெல்வினின் கையும் நின்றது.

"என்ன கேட்ட?"

"வண்டி. வில்மோர் மாமா வண்டி. அறுக்காதீங்க. எங்கப்பாவுக்கு வேணும்."

தெல்வின்தான் முதலில் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே காய்ந்துபோனது. "ஏண்டி, செத்தவர் சாமானைக் கேக்கறதுக்கா உன்னைத் தெகுசிகல்பா பட்டணம் வரைக்கும் அனுப்பி அஞ்சு வருஷம் படிக்க வச்சாங்க? டாக்டரம்மாவுக்குக் கண்ணு தெரியலையா? அதுல ஆள் உக்காந்திருக்காரு."

"நான் டாக்டர் இல்ல, மாமா. கால் போனவங்களை உக்கார வைக்கறதும் நடமாட வைக்கறதும்தான் என் படிப்பு. அதுல யாரும் உக்காரல. ஒரு போர்வைதான் கிடக்கு."

"போர்வைக்கு உள்ள யாருன்னு சாயங்காலம் தெரியும். அஞ்சு மணிக்கு ஆள் வர்றாரு."

ஆள் என்றால் ஆவி பிடிக்கிறவர். வில்மோர் செத்து இன்றோடு பதினைந்து நாள். உடம்பை அன்றே புதைத்தாகிவிட்டது. ஆவி மட்டும் வீட்டில், தான் அதிகம் புழங்கிய பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் வந்து, மின்மினி மாதிரி துடிக்கும் அதை வெள்ளைத் துணியில் முடிந்து, பொழுது சாய்வதற்குள் கல்லறைக்குக் கொண்டுபோய் விடுவார். கூடவே செத்தவரின் சாமான்களும் போகும். எதுவும் முழுசாகப் போகக்கூடாது. வில்மோரின் தகரக் குவளையில் ஏற்கெனவே ஆணி அடித்து ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். வெட்டுக்கத்தியை முறித்துப் போட்டிருந்தார்கள். கடலுக்குள் போட்டுக்கொள்ளும் முகக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பாக்கி இருந்தது வண்டிதான். அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் கல்லறைத் தகரக் கூரைக்குக் கீழே போட வேண்டும்.

குக்கு தஸ்பா என்ற இந்த ஊரில் அது மாதிரி இன்னொரு முடவர் வண்டி கிடையாது. மூன்று தடித்த சக்கரம், கையால் சுற்றுகிற செயின், மணலில் புதையாத டயர். கடலில் அடிபட்டு முடங்கிய குளியாட்கள் சேர்ந்து நகரத்தில் நடத்தும் பட்டறையில் செய்தது. இந்த ஊரில் மட்டும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள் பதினேழு பேர். எல்லோரும் சிங்கி இறாலுக்காக மூழ்கியவர்கள். அந்த இறாலைச் சாப்பிடுகிற ஊர் எங்கே இருக்கிறது என்று பதினேழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. பதினாறு பேர் படுத்திருந்தார்கள். வில்மோர் ஒருவர்தான் எட்டு வருஷமாகத் தானே கடைக்குப் போனார், தானே கடல் பார்க்கப் போனார், தேவாலயத்துக்குப் போகாமல் இருக்கவும் தானே முடிவு செய்தார்.

அரேலிஸின் அப்பா பல்பீனோ, படுத்திருக்கும் பதினாறு பேரில் ஒருவர். பதினோரு வருஷம். இடுப்பில் இரண்டு புண், குதிகாலில் ஒன்று. ஆள் உயரக் கட்டைகள் மேல் நிற்கும் வீடு, பதினோரு படி. அவரைப் புரட்டிப் புரட்டியே அம்மாவின் முதுகு போய்விட்டது.

"அத்தை," என்றாள் மறுபடியும். "பத்து நாளா அவருக்குப் படி இறங்கக் கத்துக்குடுத்துட்டிருக்கேன். பின்பக்கமா, கையை ஊனி, ஒரு படி, ஒரு படி. அவருக்குக் கை இன்னும் நல்லா இருக்கு. மூணு படி இறங்கினார். அங்கயே உக்காந்து, 'கீழ என்ன இருக்கு போறதுக்கு'ன்னு கேட்டார். ஏறிப் போய்ப் படுத்துட்டார்."

"உங்கப்பா அனுப்பினாரா உன்னை?"

"அவர் கேக்காதேன்னார்."

"அவருக்கு இருக்கற புத்தி உனக்கு இல்ல." ரூஃபீனா கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "போ. அறுத்த பிறகு வா, கிழங்கு அவிச்சு வைக்கறேன்."

அரேலிஸ் போகவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் கால் நகராது. அது ஒரு நல்ல குணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பதினோரு நாளைக்கு முன்பு வரை.

அன்றைக்கு நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாவுச் செய்தி கேட்டுப் பஸ்ஸும் படகும் மாறி மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். மறுநாள், அதாவது நாலாம் நாள், சாயங்காலம் நாலு மணி. அம்மா இங்கே சாவு வீட்டுப் பாட்டில் இருந்தாள். அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அரேலிஸ். தெருவில் ஈ காக்கை இல்லை. சாவு விழுந்த பதினைந்து நாளும் நாலு மணிக்கு மேல் யாரும் அந்தப் பாதையில் நடப்பதில்லை; அது செத்தவர் உலாவுகிற நேரம். அப்போது செயின் சத்தம் கேட்டது. கட கட கட. வீட்டுக்கு அடியில் வந்து நின்றது.

எட்டு வருஷமாக அந்த நேரத்துக்கு அந்தச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. வில்மோருக்குப் படி ஏற முடியாது, பல்பீனோவுக்கு இறங்க முடியாது. அதனால் வில்மோர் வண்டியை வீட்டுக்கு அடியில் கொண்டுவந்து, அப்பா படுக்கும் இடத்துக்கு நேர் கீழே நிறுத்துவார். தரைப் பலகையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. அப்பா அதில் வாயை வைப்பார். "ஏலே, மேல மழை பெய்யுதா?" என்று கேட்பார் வில்மோர். "பெய்யுது, வாயைத் திற" என்பார் அப்பா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். இருட்டுகிற வரைக்கும் பேச்சு. எட்டு வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாலாம் நாள் சத்தம் நின்றதும் அப்பா கன்னத்தைப் பலகையில் வைத்தார். "வந்துட்டியா?" என்றார். கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு சிரித்தார், பதில் கேட்டவர் சிரிக்கிற மாதிரி.

கீழே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பதினோரு படி, அவ்வளவுதான். நரம்பு, தசை, முதுகுத்தண்டு எல்லாவற்றையும் பெயர் பெயராகப் படித்து, அவள் வம்சத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கினவள், பஞ்சும் கையுமாக மேல்படியில் நின்றாள். கால் நகரவில்லை. சத்தம் திரும்பிப் போகும் வரை நின்றாள். அதற்குப் பிறகும் பல நாள் அதே சத்தம், அதே "வந்துட்டியா". அப்புறம் அப்பா சிரிப்பதை விட்டுவிட்டார். இடுக்கில் வாயை வைத்து முணுமுணுத்தார். அவள் பக்கத்தில் போனால் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோபம்தான் இன்றைக்கு அவளை இங்கே கொண்டுவந்திருந்தது. அப்பா மேல் பாதி, தன் கால் மேல் பாதி.

"நான் பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் உள் அறைக்குப் போனாள்.

"தொடாதடி!" தெல்வின் வாசலிலிருந்து கத்தினான். உள்ளே வரவில்லை.

இந்த ஊரில் தரையோடு கட்டிய வீடு இது ஒன்றுதான். வண்டி போக வர வசதியாக வாசலில் படிக்குப் பதில் சரிவாகப் பலகை போட்டிருந்தார்கள். உள் அறையின் நடுவில் வண்டி நின்றது. மேலே வெள்ளைப் போர்வை. அதைச் சுற்றி ஒரு கை தூரத்துக்குத் தரை பெருக்காமல் கிடந்தது. பதினைந்து நாளாகத் துடைப்பம்கூட அதைச் சுற்றித்தான் போயிருக்கிறது. போர்வை உட்கார்ந்த ஆளின் முழங்கால் மாதிரி இரண்டு இடத்தில் புடைத்து நின்றது. கைப்பிடிகள்தான் அவை. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் ஓரத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்தாள்.

போர்வையை இழுத்தாள்.

இருக்கை மெத்தையில் வில்மோர் இருந்தார். அப்படித்தான் இருந்தது. எட்டு வருஷம் ஒரே உடம்பு அழுத்திய பஞ்சு: இடது பக்கம் ஆழமான குழி, வலது பக்கம் மேடு. எப்போதும் இடது பக்கம் சாய்ந்துதான் உட்காருவார். நாலாம் விலா எலும்புக்குக் கீழே அவர் முதுகு வளைந்துவிட்டிருந்தது. முகம் மறந்தாலும் அந்தச் சாய்வை ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். அவள் குழியில் கையை வைத்தாள். வெயில் படாத அறை. பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். வேலையைப் பார், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பையில் அளவு நாடா இருந்தது. போன வாரம் அப்பாவை அளந்த நாடா. நகரத்துக்கு மனு போட்டால் மூன்று வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியைத் தரப் போவதில்லை என்றாலும் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றாவது குறித்துக்கொள்ளலாம். இருக்கையின் ஆழம், நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். அகலம், நாற்பத்தொன்று. கால் பலகை வரை, நாற்பத்தாறு.

திரும்ப அளந்தாள். அதே எண்கள்.

வில்மோர் ஐந்தடிக்கும் குள்ளம். முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தலையணை திணித்திருப்பார். கால் எட்டாமல், கால் பலகை மேல் ஒரு தென்னைக் கட்டையைக் கட்டியிருப்பார். கேட்டால், "உயரச் செருப்பு, மகளே, நகரத்துப் பொம்பளைங்க மாதிரி" என்பார். பட்டறைக்காரர்கள் ஆளை அளக்காமல் செய்ய மாட்டார்கள்; அவர்களே முடங்கியவர்கள், தப்பான இருக்கை புண் வைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு. போன வாரம் அவள் நோட்டில் எழுதியதும் இதே மூன்று எண்கள்தான்.

அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாள். தென்னைக் கட்டை கால் பலகையில் இல்லை, அவிழ்த்து மூலையில் வைத்திருந்தது. கால் வார்கள் தொங்கின. யாருக்கோ கட்டிப்போடத் தேவையில்லாத கால். சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலை விரலால் தொட்டாள். ஈரம்.

"தெல்வின் மாமா," என்று அங்கிருந்தே கேட்டாள். "இந்த வண்டி வெளிய போச்சா?"

"ஏன்?"

"டயர்ல மணல் ஈரமா இருக்கு."

வாசலில் ரம்பம் கீழே விழுந்தது. "நான் சொன்னேன்ல! அக்கா, நான் சொன்னேன்ல உள்ள உக்காந்திருக்காருன்னு! இவ போர்வையை வேற எடுத்துட்டா!"

"வாயை மூடுடா" என்றாள் ரூஃபீனா. அறை வாசலில் வந்து நின்றிருந்தாள். "போய், சாயங்காலம் வர்ற பாதிரியாருக்கு நாற்காலி கேட்டு வாங்கிட்டு வா. போ."

அவன் ஓடின வேகத்தில் சரிவுப் பலகை அதிர்ந்தது.

அரேலிஸ் ரூஃபீனாவின் கையைப் பார்த்தாள். மரவள்ளி மாவு அப்பிய வெள்ளை உள்ளங்கை; ரேகைகளில் மட்டும் கறுப்பு. செயின் எண்ணெய்.

"நீங்கதானா?"

ரூஃபீனா கையைப் பாவாடையில் துடைத்தாள். போகவில்லை. "அந்த நேரத்துல தெருவுல யாரு இருக்கா? யாரு பாக்கப்போறா?"

"எதுக்கு, அத்தை?"

"எதுக்குன்னா? எட்டு வருஷம் நாலு மணி ஆனா இந்த மனுஷன் கிளம்பிருவாரு. அப்படி என்ன பேசறீங்கன்னு கேட்டா, ஆம்பளைங்க பேச்சும்பாரு. எங்கிட்ட பத்து வார்த்தை பேசமாட்டாரு, அந்த ஓட்டைப் பலகைகிட்ட ராத்திரி வரைக்கும் பேசுவாரு. செத்த பிறகாவது என்னன்னு கேக்கலாம்னு போனேன். உக்காந்தேன். இவர் உக்காந்த இடத்துல. சத்தம் கேட்டதும் உங்கப்பா 'வந்துட்டியா'ன்னாரு. நான் வாயைத் திறக்கல. அவரே பேசினாரு."

"என்ன பேசினார்?"

"உனக்கு வேண்டாம்."

"எனக்குத்தான் வேணும். இந்த வண்டி எங்கப்பா அளவுல செஞ்சிருக்கு, அத்தை. வில்மோர் மாமாவுக்குச் செஞ்சதில்ல இது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ரூஃபீனா சுவரில் சாய்ந்தாள்.

"தெரியும். பட்டறைக்காரங்க உங்கப்பாவைத்தான் வந்து அளந்தாங்க. ஊருக்கு ஒண்ணு, மூத்தவருக்கு முதல்லன்னாங்க. படகுல வண்டி வந்த அன்னைக்கு அவரு, 'எனக்கு வேண்டாம், வில்மோருக்குக் குடுங்க'ன்னு சொல்லிட்டாரு. நான் உங்க வீட்டுப் படியில விழுந்து அழுதேன். இப்படி ஒரு மனுஷனான்னு. எட்டு வருஷம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தேங்காய் ரொட்டி முதல்ல உங்க வீட்டுக்குத்தான் அனுப்பினேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஏன் குடுத்தாருன்னு இப்பதான் தெரிஞ்சுது."

அவள் சொன்னாள். பல்பீனோவின் குரலிலேயே, அதே முணுமுணுப்பில் சொன்னாள். அறையில் வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"'பன்னெண்டு காத்து சிலிண்டர் முடிஞ்சுது. நீ போதும்னே. தலை சுத்துதுன்னே. நான்தான் தலையாளு. இன்னும் ஒண்ணு, கீழ இறால் கூட்டமா இருக்கு, பாத்தேன், இன்னும் ஒண்ணுன்னேன். நீ மாட்டேன்னே. பொம்பளையாடா நீன்னு படகு முழுக்கக் கேக்கறா மாதிரி கேட்டேன். நீ இறங்கினே. உன்னைத் தேடி நான் இறங்கினேன். கரைக்கு வந்து லிவா அடிச்சுட்டான்னு சொன்னேன். லிவா இல்லடா. நான்டா.'"

லிவாவின் பெயரை அந்த வீட்டுக்குள் சொன்னதும் இரண்டு பேருமே ஒரு கணம் கதவைப் பார்த்தார்கள். கடலுக்கு அடியில் இருப்பவள் அவள். அளவுக்கு மேல் எடுத்தவனை அடிப்பாள் என்று சொல்லித்தான் இந்த ஊர் தன் முடவர்கள் எல்லோரையும் வளர்க்கிறது. அவள் அடித்தால் யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லை. அரேலிஸ் பதிமூன்று வயதில் அதை நம்பினாள். பட்டணத்தில் முதல் வருஷமே, சிலிண்டரோடு ஆழத்தில் வெகு நேரம் இருந்துவிட்டு விறுவிறுவென்று மேலே வந்தால் ரத்தத்தில் என்ன குமிழ் கட்டும் என்று படித்தபோது, வகுப்பை விட்டு எழுந்து வெளியே போனாள். அன்றிலிருந்து படகு முதலாளிகளை வெறுத்தாள். அப்பாவை வெறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"வில்மோர் மாமாவுக்குத் தெரியும்ல?" என்றாள் கடைசியில். "அவர்தானே கீழ போனவர்?"

"தெரியாம? பதினோரு வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. தினமும் போய் அந்த ஆளோட சிரிச்சுட்டு வந்தாரு." ரூஃபீனாவின் முகம் கோணியது. "நான் இங்க குழாய் மாத்தி, பீ மூத்திரம் அள்ளி... அங்க போய்ச் சிரிச்சிருக்காரு. மன்னிச்சுட்டாரு போல. என்னைக் கேக்காம."

வெளியே தென்னை ஓலை உரசியது. வண்டியின் கைப்பிடி லேசாக அசைந்து நின்றது. காற்று. சன்னல் மூடியிருந்தது, ஆனாலும் காற்று என்றே அரேலிஸ் வைத்துக்கொண்டாள்.

"அதனாலதான் அறுக்கப் போறேன்," என்றாள் ரூஃபீனா. "சம்பிரதாயம், ஆவி, எல்லாம் சரி. அதுக்கு மேல இதுவும் உண்டு. இந்த இரும்பைக் குடுத்துக் கழுவிக்கலாம்னு நினைச்சாரு பாரு, அது அவருக்குத் திரும்பப் போகக் கூடாது. படுத்திருக்கட்டும்."

"பதினோரு வருஷமாப் படுத்துத்தான் இருக்கார். குப்புற. குதிகால்ல எலும்பு தெரியுது, அத்தை. நான் தினமும் பாக்கறேன். இன்னும் எவ்வளவு?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வேண்டியது ஒண்ணுதான். பலகைக்கு மேல ஒளிஞ்சுட்டு செத்தவன்கிட்ட பேசினது போதும். எறங்கி வரச் சொல்லு. உயிரோட இருக்கற எங்கிட்ட, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லச் சொல்லு."

"எப்படி வருவார்? பறந்தா?"

ரூஃபீனாவின் கண் வண்டிக்குப் போனது.

அரேலிஸ் குனிந்து இருக்கை மெத்தையின் கயிறுகளை அவிழ்த்தாள். நாலு முடிச்சு, எல்லாம் ரூஃபீனா போட்டது, பழைய மிதவை உடுப்பைக் கிழித்து உள்ளே வைத்து, பாய்மரத் துணியில் தைத்தது. மெத்தையைத் தூக்கினாள். எதிர்பார்த்ததை விடக் கனமாக இருந்தது. தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற கனம். குழி அப்படியே இருந்தது, நிமிரவில்லை.

"இது எங்கப்பாவுக்கு ஆகாது," என்றாள். "ஒருத்தர் மெத்தை இன்னொருத்தருக்கு ஆகாதுன்னு நான் படிச்ச படிப்பும் சொல்லுது. இதுல அவர் உக்காந்தா ஒரே மாசத்துல தொடை எலும்பு வெளிய வந்துரும். இது முழுக்க வில்மோர் மாமாதான். சாய்வு, இடுப்பு, எல்லாம் இதுலதான் இருக்கு. இதைக் கொண்டுபோய் வைங்க. தலையணையை வைங்க. அந்தக் கட்டையை வைங்க. வெட்டிக் கிழிச்சு வைங்க, உங்க இஷ்டம். இரும்பு அவரோடது இல்ல. செத்தவர் சாமானைத்தானே அறுக்கணும்? உயிரோட இருக்கறவர் சாமானை அறுத்து எந்த ஊர்ல புதைக்கிறாங்க?"

ரூஃபீனா மெத்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கிய விதத்தில், தாங்க வேண்டிய இடம் எது என்று அவள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கை இடது குழிக்கு அடியில் போனது. எடுத்துட்டுப் போ என்றும் சொல்லவில்லை, குடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முகத்தை மெத்தையில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை எனக்குப் படகு," என்றாள் அரேலிஸ். "வேலைக்குச் சேரணும். நான் போயிருவேன். நான் தூக்கிக் கொண்டுவந்து உங்க முன்னாடி உக்கார வைக்கப்போறேன்னு நினைக்காதீங்க. அதைச் செய்யமாட்டேன்."

அவள் வண்டியின் பின்கம்பியைப் பிடித்தாள். பிடித்தபோது, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டாள்.

"அத்தை, எப்ப ஆரம்பிச்சீங்க? அங்க வர்றதை."

ரூஃபீனா மெத்தையிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னாள். "ஒம்பதாம் நாள் ஜெபம் முடிஞ்சு மறுநாள். அதுக்கு முன்னாடி எப்படிடி? பொம்பளை வாசலைத் தாண்டலாமா? வண்டியைச் சுத்தி ஊரே உக்காந்து பாடிட்டிருந்துச்சு."

நாலாம் நாள். ஐந்தாம் நாள், ஆறாம் நாள். அப்பா சிரித்ததெல்லாம் அந்த நாட்களில்தான். முணுமுணுக்கத் தொடங்கியது அதற்கு அப்புறம்.

அரேலிஸ் விரலால்கூட எண்ணவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அறையைக் கடந்தாள்.

வாசலில் தெல்வின், பாதிரியாருக்கு வாங்கி வந்த நாற்காலியைத் தலைமேல் வைத்தபடி நின்றான். "ஏய்! ஏய், பைத்தியக்காரி! எங்க கொண்டு போற? நிறுத்துடி!"

"நிறுத்துங்க, மாமா. வந்து பிடிங்க."

அவன் இரண்டடி பின்னால் போனான். நாற்காலியை இறக்கித் தனக்கும் வண்டிக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். "அக்கா! அக்கா, இங்க பாரு!"

உள்ளேயிருந்து அக்கா வரவில்லை.

தடுக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. நூறு பேர் நின்றாலும் ஒருவரும் இந்த இரும்பில் கை வைக்க மாட்டார்கள். பயத்தினால் இவ்வளவு வசதி உண்டு என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

மணி நாலு ஆகியிருக்கும். பாதை காலியாக இருந்தது. கூப்பிடு தூரத்தில் அவள் வீடு கட்டைகள் மேல் நின்றது. அதன் அடியில் நிழல். வண்டியை இடுக்குக்கு நேர் கீழே நிறுத்துவாள். அப்பா வந்துட்டியா என்று கேட்பார். வந்திருப்பது யார் என்று சொல்வாள். இத்தனை நாள் கீழே இருந்து கேட்டது யார் என்றும் சொல்வாள், அவளுக்குத் தெரிந்த நாட்களுக்கு. அந்த ஆள் எங்கே, எந்த வீட்டில், என்ன கேட்டுக் காத்திருக்கிறாள் என்பதையும் சொல்வாள். பிறகு மேலே ஏறிப் போய்த் தன் பெட்டியைக் கட்டத் தொடங்குவாள். பதினோரு படி. கை இருக்கிறது, முறை தெரியும், கீழே போவதற்கு இப்போது ஒன்று இருக்கிறது. இறங்குவதும் இறங்காததும் அவர் பாடு. அவள் தூக்கப்போவதில்லை.

சரிவுப் பலகையில் முன்சக்கரம் இறங்கியது. மணலைத் தொட்டதும் செயின் சத்தம் போட ஆரம்பித்தது. மெத்தை இல்லாத இருக்கைக்கு முன்னால் இரண்டு கைப்பிடிகளும் மாறி மாறி எழுந்து தாழ்ந்தன. தள்ளினால் அவை சுற்றும். செயின் அப்படித்தான் கட்டியிருக்கிறது, அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவற்றைப் பார்க்காமல் நடந்தாள்.